சுவரோரம் பதினான்கு கற்கள்

வெயில் படாத இடத்தில் புல் வளர்க்க நினைப்பது வீண் வேலை. ஐதராபாத்தில் பலர் செய்கிறார்கள். நர்சரியில் பாய்போலச் சுருட்டிக் கொடுப்பதை வாங்கிவந்து விரிக்கிறார்கள். இரண்டு மழைக்குள் அது அழுகி, ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கல்தான் சரி. கல்லும், ஓரத்தில் கொஞ்சம் பெரணியும்.

கொல்லையைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள், ரஹீம் சார். தமிழில் எழுதலாம், மொழிபெயர்த்துச் சொல்லப் போலீஸ் ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது என்றீர்கள். அதற்கு நன்றி. நான் பிறந்தது இங்கே மௌலா அலியில். தெலுங்கு பேசுவேன், உங்கள் உருதுவும் பேசுவேன். எழுத வருவது தமிழும், ரயில்வே படிவங்களுக்குத் தேவையான ஆங்கிலமும்தான்.

வீடு என் அப்பா கட்டியது. பின்னால் இருபத்தோரடி நீளம், பதினாலடி அகலத்தில் கொல்லை. என் சிறுவயதில் அங்கே மிளகாய் காய்ந்தது, துணி ஒரு மணி நேரத்தில் உலர்ந்தது. இரண்டாயிரத்து நான்கில் இடது பக்கத்து வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டினார்கள். அடுத்த வருஷம் வலது பக்கம். மாதாப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடிவந்தார்கள். கொல்லைக்குக் கிணற்றின் குணம் வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் நீளமாக ஒரு துண்டு வானம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் நண்பகலில் இருபது நிமிஷம் வெயில் இறங்கும். மற்றபடி இல்லை. அந்த வருஷம்தான் நான் ரயில்வே பணிமனையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கினேன். சார்ஜ்மேன். ஒரு காது மந்தமாகியிருந்தது.

எலிசபெத் என் மனைவி. பாளையங்கோட்டைக்காரி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். எங்களுக்குக் குழந்தை இல்லை. தொண்ணூறில் கல்யாணம் முடிந்து அவளை இங்கே அழைத்துவந்த அன்று, நேரமாகிவிட்டது என்று ரயில்வே யார்டுக்குள் புகுந்து தண்டவாளங்களைத் தாண்டினோம். பதினொரு வரிசை. அவள் பயந்தாள். "நான் கால் வைக்கிற கட்டையில மட்டும் கால் வை" என்றேன். கட்டை கட்டையாக, என் குதிகாலைப் பார்த்தபடியே வந்தாள். புதுப் பட்டுச்சேலையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாங்கள் அப்படித் தொடங்கியவர்கள்.

பன்னிரண்டு வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினாள். பிறகு மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். ஆஸ்திரேலியாக்காரர்களோடு போனில் பேசும் வேலை. அங்கே பொழுது முன்னால் விடிந்துவிடுவதால் இவளுக்கு அதிகாலை ஐந்தரைக்கு வேன் வரும். எங்கள் முன்சந்தில் வேன் திரும்பாது. பின்தெருவில் நிற்கும். கொல்லையைத் தாண்டி, பின்கேட்டைத் திறந்து போய் ஏறுவாள். ஆபீசில் அவளுக்கு லிசா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் வேனிலிருந்து சபீனா என்ற பெண், "லிசாக்கா, ஜல்தி" என்று கத்தினாள். இந்த வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று நான் கேட்டுக்குப் போய்ச் சொன்னேன். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எலிசபெத்தும் சிரித்தாள்.

கொல்லையைச் சீர்செய்யச் சொன்னவள் அவள்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"பின்பக்கத்தப் பாத்தாலே அழுதுவடியுது" என்றாள். "சேறும் கொசுவும். ஆளு பாத்துக்கிடாட்டாலும் கெடாம இருக்க மாதிரி ஏதாவது செய்யுங்களேன். எனக்கு நேரமில்ல, உங்களுக்குக் குனிய முடியல."

அது இரண்டாயிரத்து ஏழு, ஜனவரி. அதே சாப்பாட்டின்போதுதான் மெல்போர்னுக்குச் சிலரை ஆறு மாதம் அனுப்பப் போகிறார்கள், தன் பெயரும் அடிபடுகிறது என்றும் சொன்னாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் அன்று நினைக்கவில்லை.

யோசித்துத்தான் செய்தேன். மூன்று சுவரோரமும் ஓரடிக்குப் பாத்தி. பெரணி, சேம்பு, பாம்புக் கற்றாழை, சுவரில் ஏற மணி பிளான்ட். இவை எதற்கும் வெயில் வேண்டாம், ஆளும் வேண்டாம். நடுவில் தாண்டூர் கல், இரண்டடிக்கு இரண்டடி. குறுக்கே ஆறு, நெடுக்கே பத்து. அறுபது கல்.

தாண்டூர் கல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மெஷினில் பாலிஷ் போட்டது. மற்றது பாறையிலிருந்து பிளந்தபடியே சொரசொரப்பாக இருக்கும். வீட்டுக்குள் என்றால் பாலிஷ் மேலே, வெளியே என்றால் சொரசொரப்பு மேலே. இந்த ஊரில் சித்தாள்களுக்கும் தெரிந்த விஷயம்.

கொத்தனார் அய்யாக்கண்ணுவின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே லைன் வீட்டில் இருந்தவர்கள். அவன் முதல் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாலிஷ் மேலயாண்ணே? கைக்கு, எதுக்கு? இது வெளி இடம். மழ பேஞ்சா காலு ஜாரிரும்."

"கழுவ லேசு."

"கழுவுறது யாரு, நீங்களா?" என்று சிரித்தான். "அண்ணி பாவம், இருட்டோட ஓடுற மனுசி."

"சொன்னதைச் செய், அய்யாக்கண்ணு."

"ஹவ்ண்ணே, சரி. ஒங்க வீடு, ஒங்க கல்லு. நாளைக்கு யாராச்சும் விழுந்தா எம்பேரு நக்கோ, என்ன இழுக்காதீங்க."

உங்களிடம் அவன் இதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். நல்ல வேலைக்காரன். தாராளமாக நம்பலாம்.

கல் போட்டு முடிந்தபோது எலிசபெத் கண்ணாடிபோல இருக்கிறது என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். பிறகு இடது சுவரோரம் காட்டி, "இந்த வரிசை மட்டும் ஏன் மங்கிக் கெடக்கு?" என்று கேட்டாள். கல் போதவில்லை, வேறு லாட் என்றேன். அவளுக்கு மறுநாள் வேலை இருந்தது. தூங்கப் போய்விட்டாள்.

பாசி தானாக வந்தது. அதை யாரும் விதைப்பதில்லை. ஜூன் மழையில் முதலில் கல்லின் இடுக்குகளில் கோடாகத் தெரிந்தது. பிறகு கல்லின்மேல் மெல்லிய தோல்போலப் பரவியது. வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாயை அந்த மாதம்தான் சாக்கடையிலிருந்து எடுத்துக் கல்லின் பக்கம் திருப்பினேன். செடிக்கு ஈரம் வேண்டும் என்பது காரணம். அது சோப்புத் தண்ணீர். செடிகள் வேண்டிய ஈரத்தோடுதான் இருந்தன.

ஜூலையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விதத்திலும் பயன் இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். நான் அவளுக்குத் தலை பின்னினேன். முதலில் கோணலாக வந்தது. சோறு பிசைந்து கொடுத்தேன். காலையில் ஐந்தரைக்குப் பின்தெருவில் வேன் வந்து வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும், அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். "என்னங்க, இந்தப் பொத்தானப் போட்டுவிடுங்க" என்று கூப்பிடுவாள். முப்பது வருஷம் பணிமனையில் இருந்திருக்கிறேன். அங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கை சரியானதும் மறுபடி வேலைக்குப் போனாள். பிளீச்சிங் பவுடர் இரண்டு பொட்டலம் வாங்கிவந்து, பாசியில் தூவச் சொன்னாள். பெரணி கருகிவிடும் என்பதால் அதைக் கக்கூசில் கொட்டினேன். அவளாகவே ஒரு கயிற்றுப் பாய் வாங்கி, சமையலறைக் கதவிலிருந்து கேட் வரை நேராக விரித்தாள். ஒரு வருஷம் அதன்மேல் நடந்தாள். அது நல்ல பாய். ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் மெல்போர்ன் உறுதியானது. விசா வந்துவிட்டது. பெட்டி வாங்கினாள். "ஆறே மாசம். நீங்களும் ஒரு மாசம் வந்து இருந்துட்டு வாங்க" என்றாள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதை அவள் மறந்துவிட்டாள். நான் நினைவுபடுத்தவில்லை.

கிளம்பப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், பாயை எடுத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். பூஞ்சணம் பிடித்திருந்தது, அதில் பொய் இல்லை. துணி துவைக்க வேண்டியிருந்தது, துவைத்தேன். இரவு முழுக்கத் தூறியது. காலையில் நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வேன் ஹார்ன் அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இருட்டில் பாய் இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. "என்னங்க" என்று நாலு முறை கூப்பிட்டாள்.

எனக்குக் காது மந்தம், ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மந்தம் இடது காது. அடுப்பின் முன் நின்றால் கொல்லைப் பக்கம் இருப்பது வலது காது.

வேன் இன்னும் மூன்று முறை ஹார்ன் அடித்தது. அவளுடைய பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. வேன் போகட்டும் என்றுதான் காத்திருந்தேன். அதில் இருப்பவர்கள் வெளி ஆட்கள். உள்ளே வந்து தூக்குவார்கள், எங்கேயாவது கொண்டுபோவார்கள், லிசா லிசா என்பார்கள். வேன் போனது. நான் டிகாக்ஷன் இறக்கிக் காபி கலந்தேன். அவளுக்கும் சேர்த்துத்தான் கலந்தேன். பிறகு வெளியே போனேன். பதினெட்டு நிமிஷம்.

இடது பக்கம் திரும்பி, சுவரோரமாகவே போனேன். அவள் கிடந்தது நடுவில், ஆறாவது வரிசையில். கடைசி இரண்டு கல்லுக்குச் சாக்குப் போட்டுக்கொண்டேன்.

இடுப்பெலும்பு. உள்ளே தகடு வைத்தார்கள். மூன்று மாதத்தில் வாக்கர் பிடித்து நடக்கலாம், பயிற்சி முக்கியம் என்றார் டாக்டர். நான் அவசரப்படுத்தவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பையனை நாலாவது நாள் வேண்டாம் என்றேன். அவளுக்கு வலித்தது. அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது. வாக்கர் அறை மூலையில் நின்றது. கொடியில் இடம் போதாததால் என் சட்டைகளை அதில் மாட்டினேன்.

கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அங்கே குளிர்ச்சி. ஜன்னலைத் திறந்தால் கொல்லை. நோயாளிகள் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது என்று எங்கேயோ படித்திருந்தேன். பதினோரு மாதம் அவள் அந்த ஜன்னலில்தான் இருந்தாள். டி.வி. வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபீனா போன் செய்வாள். நான் பக்கத்தில் இருப்பேன். எலிசபெத் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். அவள் போனுக்கு நான் காசு போடவில்லை. படுத்திருப்பவள் யாரைக் கூப்பிடப் போகிறாள்?

நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொல்லையில் போய்வருவேன். குப்பை போட, பின்தெருக் கடையில் பால் வாங்க, சும்மா. மே மாதம் ஒரு நாள் திரும்பி வந்தபோது கேட்டாள்.

"எதுக்கு எப்பவும் சுவத்த ஒட்டியே போறிய? கேட்டு நேராத்தான இருக்கு."

"பெரணியைப் பார்த்துக்கிட்டே போறேன்."

"பெரணி அந்தப் பக்கமும் இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. அன்றைக்கு நான் கவனித்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். அறுபது கல் என்றேன். பாலிஷ் மேலே வைத்தது நாற்பத்தாறுதான். பதினான்கு கல்லைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி நான் பதிக்கச் சொன்னேன். சமையலறைக் கதவுக்கு முன்னால் மூன்று, இடது சுவரோரம் ஒன்பது, கடைசியில் கேட்டுக்கு இரண்டு. அய்யாக்கண்ணு இது என்ன கோலம் என்று கேட்டான். அழகுக்கு என்றேன். பாசி படர்ந்த பிறகு எல்லாம் ஒரே பச்சை. எது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் தொழிலைப் பற்றி நீங்கள் கேட்டபோது பராமரிப்பு என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனீர்கள். ரயில் பெட்டியின் அடியில் படுத்துப் பார்த்து, இந்த ஸ்பிரிங்கைக் கவனிக்காமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும், எந்த இடத்தில் விடும், அப்போது என்ன ஆகும் என்று எழுதிக் கொடுப்பதுதான் முப்பது வருஷம் என் வேலை. என் கணக்கு அதிகம் தவறியதில்லை. ஆள் பார்க்க வேண்டாத கொல்லை கேட்டாள். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவனிடம் கேட்டாள்.

இந்த ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனைக்குப் போனேன். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தனியாக இருப்பாள். விடியற்காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. பின்னறைக் கட்டிலின்மேல் என் சட்டைகள் ஐந்தும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. காலர் உள்ளே போகும்படி மடிப்பாள், அப்படியே. வாக்கர் இல்லை.

நான் சந்தைக்குப் போகும் வேளைகளில் கட்டில் விளிம்பைப் பிடித்து நின்று பழகியிருக்கிறாள். எத்தனை மாதமாக என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்திய ஞாயிறு சபீனாவின் போன் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. நான் ஆராதனையில் இருந்தபோது வந்திருக்கிறது. இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பின்கேட் திறந்து கிடந்தது. சபீனாவின் கார் நின்ற இடத்தில் சேற்றில் டயர் தடம் இருந்தது. நான் தெருவுக்கு ஓடவில்லை. சமையலறைப் படியில் நின்று கல்லைப் பார்த்தேன்.

வாக்கரின் கால்களில் ரப்பர் குமிழ் உண்டு. அது பாசியில் வட்டமாகப் பதிந்திருந்தது. ஒரு கல்லுக்கு நாலு வட்டம். கதவுக்கு முன்னால் மூன்று கல்லில் இருந்தது. சுவரோரம் ஒன்பதில் இருந்தது. கேட்டுக்கு இரண்டில் இருந்தது. மற்ற நாற்பத்தாறில் ஒரு கீறலும் இல்லை. வட்டங்களுக்கு நடுவே அவளுடைய செருப்பில்லாத பாதம், ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. எங்கேயும் சறுக்கிய தடம் இல்லை. நான் இரண்டு முறை எண்ணினேன்.

மறுநாள் அவள் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்டு நீங்கள் அய்யாக்கண்ணுவோடு வந்தீர்கள். நடுவில் ஒரு கல்லையும் சுவரோரத்தில் ஒரு கல்லையும் பெயர்த்துத் திருப்பிப் போட்டான். நீங்கள் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தீர்கள். அய்யாக்கண்ணு என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணி எம்புட்டு நாளு அந்த ஜன்னல்ல உக்காந்து ஒங்க காலையே பாத்திருக்கும்ணே" என்றான்.

நீங்கள் எழுதிவைத்திருப்பதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கல்லை அப்படிப் போடச் சொன்னது நான். சோப்புத் தண்ணீரைத் திருப்பியது நான். பாயை எடுத்தது நான். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதல் முறை கை போகும் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவது முறை கால். தலையில் படாது என்று நினைத்தேன். பட்டிருந்தாலும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவியை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மொழிபெயர்ப்பவர் விடாமல் எழுதட்டும். அவளாகப் போன வழியில் இரண்டு முறை விழுந்தாள். கடைசியில் விழாமல் போனது, நான் கால் வைத்த இடத்தில் கால் வைத்து. பத்தொன்பது வருஷமாக நான் அவளிடம் கேட்டது அவ்வளவுதான்.